முதலில் ஒரு பூஜ்யம்

போன வாரம் ஒரு நாள் காலையில் நிவேதா போன் செய்தாள். மண்ணூர்பேட்டையில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டு அலுவலகத்தில், நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு வந்த பெண். சொந்த ஊர் தேனிப் பக்கம். அயனம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் தங்கியிருக்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துச் சொல்வதோடு சரி, வேலை விஷயமாக என்னை அழைத்ததே கிடையாது.

"மேடம், ஒரு சந்தேகம். நம்ம இன்ஸ்பெக்டர்ஸ் எல்லாரும் ஷீட்டைத் திறந்ததும் முதல்ல ஒரு ஜீரோ அடிச்சுப் பார்த்துட்டு, அப்புறம் அழிச்சுட்டுத்தான் வேலைய ஆரம்பிக்கறாங்க. இதை யார் ஆரம்பிச்சு வச்சது? எந்த ப்ரொசீஜர்லயும் எழுதி இல்லயே. ஜி.எம். கேக்கறார்."

"இத்தனை வருஷம் இல்லாம இப்ப என்ன திடீர்னு?"

"ஒரு பிரச்சினை மேடம். நீங்க முதல்ல காரணத்தச் சொல்லுங்க. மீதிய நான் அப்புறம் சொல்றேன்."

போனில் சுருக்கமாகத்தான் சொன்னேன். சொன்னது போதவில்லை என்று அன்றைக்கு முழுக்க மனசு அரித்துக்கொண்டே இருந்தது. இதில் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை அங்கே இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எனக்கு விருதுநகர். கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை; குவார்ட்டர்ஸில் குடித்தனம். நான் மண்ணூர்பேட்டையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது டைப்பிஸ்டுகளில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போனார்கள். நான் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டு எக்செல் கற்றேன். அதிலேயே நாமாக ஆணைகளை எழுதி ஷீட்டை வேலை செய்ய வைக்கலாம், அதற்கு மேக்ரோ என்று பெயர் என்று தெரிந்ததும் மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதிலேயே போட்டேன். "சாம்பாருக்கும் ஒரு பட்டன் வச்சிடேன்" என்று கணவர் கிண்டல் செய்வார். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

எங்கள் தொழிற்சாலையில் செய்தது பஸ்ஸுக்கான ஸ்டீயரிங் ஆர்ம். டிரைவர் வளையத்தைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கை அது. உலையில் சுட்டு, குளிர்வித்து, மறுபடி சூடேற்றி எடுப்பார்கள். கடினம் அதிகமானால் முறியும், குறைந்தால் வளையும். அதனால் உலையில் ஒன்றாக வெந்த ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சிலவற்றை எடுத்து, மேல்தோலை எமரித் தாளில் தேய்த்து, மெஷினில் வைத்து வைர முனையால் அழுத்திப் பார்ப்பார்கள். முனை எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து மெஷின் ஓர் எண் காட்டும். இன்ஸ்பெக்டர் அந்த எண்ணை ஷீட்டில் அடித்தால், பக்கத்தில் 'தீர்ப்பு' என்ற பத்தியில் 'சரி' என்று பச்சையிலோ 'நிறுத்து' என்று சிவப்பிலோ வரும். பச்சை என்றால் லாட் லாரிக்குப் போகும்.

அந்தத் தீர்ப்பை எழுதியவள் நான். அதை ஃபங்ஷனாக எழுதியிருந்தேன். மேக்ரோவில் இரண்டு வகை உண்டு. ஃபங்ஷன் என்பது ஒரு கட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, கொடுத்த எண்ணைப் பார்த்துப் பதில் சொல்லும். எண் மாறினால் பதிலும் தானே மாறும். வேறு எந்தக் கட்டத்தையும் அது தொடாது, தொடவும் முடியாது. மற்றொன்று சப்ரூட்டீன், நாங்கள் சப் என்போம். பட்டனை அமுக்கினால் ஓடிப் போய் எழுதும், அழிக்கும், அடுக்கும், பிரிண்ட் எடுக்கும். முடித்ததும் படுத்துவிடும். மறுபடி யாராவது அமுக்கும்வரை அதற்கு எதுவும் தெரியாது. இன்னொன்றும் உண்டு: சப் ஓடிய பிறகு கண்ட்ரோல்-இசட் அடித்தால் பழையது திரும்பி வராது. கொள்முதல் பிரிவில் ஒருவர் காலி வரிகளை நீக்க ஒரு சப் எழுதி, சப்ளையர் பெயர்களையும் சேர்த்து நீக்கிவிட்டு, கண்ட்ரோல்-இசட்டை ஆணி அடிப்பது போல அடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். பாவம், சிரிக்கக்கூட முடியவில்லை.

எங்கள் தலைமை அதிகாரி தேவசகாயம் சார். நாகர்கோவில்காரர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவருக்கு மேக்ரோ எழுதத் தெரியாது. ஆனால் அவர் படிக்காமல் ஒரு மேக்ரோவும் கீழே இன்ஸ்பெக்டர்களிடம் போகாது. நான் எழுதியதைப் பிரிண்ட் எடுத்துத் தர வேண்டும். மேசையில் பரப்பி, ஓர் இரும்பு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக என்னையே விளக்கச் சொல்வார். ஸ்கேல் நகரும் வேகத்திலேயே அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். கடைசியில் எப்போதும் ஒரே கேள்விதான்.

"இது ஓடி முடிஞ்ச பிறகு ஷீட்ல என்ன மாறியிருக்கும் கலாவதி? யாரு கை பட்டு மாறும்?"

ஒன்றும் மாறாது என்றால் உடனே கையெழுத்து. மாறும் என்றால், அமுக்குகிறவர் யார், எப்போது அமுக்குவார், அமுக்க மறந்தால் என்ன ஆகும் என்று அரை நாள் ஓடும். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். ஒரு பட்டனுக்கு இந்தப் பாடா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. அவர் அதைக் கண்டுகொள்ள மாட்டார்.

இன்ஸ்பெக்டர்களில் மூத்தவன் ஏழுமலை. மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன். என்னைவிட வயதில் சிறியவன் என்றாலும் கடினம் பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. வாய் மட்டும் ஓயாது. "மேடம், உங்க ஷீட்டு என் பொண்டாட்டி மாரி. பொய் சொன்னா ஒடனே மொகம் செவந்துடுது" என்பான்.

சிக்கல் மெதுவாக வந்தது. வரிகள் பெருகப் பெருக ஷீட் தவழ ஆரம்பித்தது. கடின எல்லைகள் வேறொரு ஷீட்டில் இருந்ததால், எது மாறினாலும் எல்லாத் தீர்ப்பையும் மறுபடி கணக்கிடும்படி எழுதியிருந்தேன். அப்படி இல்லாமலும் எழுத வழி உண்டு என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. இன்ஸ்பெக்டர்கள் கையுறையைக் கழற்றி ஒரு எண்ணை அடித்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி நிற்பார்கள். லாட்டுகள் தேங்கின. ஜெனரல் மேனேஜர் இரண்டு முறை மாடியேறி வந்து சத்தம் போட்டார்.

தேவசகாயம் சார் என்னை உட்காரவைத்துக் கேட்டார். தீர்ப்பை சப்பாக மாற்றினால் வேகம் வந்துவிடும் என்றேன். ஸ்கேலை எடுத்தார்.

"ஓடி முடிஞ்ச பிறகு என்ன மாறியிருக்கும்?"

"எல்லா வரியிலயும் தீர்ப்பை எழுதி வச்சிருக்கும் சார்."

"அதுக்குப் பிறகு ஒரு எண்ண மாத்தினா?"

"மறுபடி பட்டனை அமுக்கணும் சார். இல்லைன்னா பழைய எழுத்துத்தான் நிக்கும்."

ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சரி, போடுங்க. இப்பத்திக்கு" என்றார்.

"பத்தியோட பேரையும் கலரையும் மாத்திடவா சார்? பழசு மாதிரி இல்லைன்னு பார்த்ததுமே தெரியும்."

"வேண்டாம். பயலுவ அந்தப் பச்சைக்கும் சிவப்புக்கும் பழகியாச்சு. புதுசா எதையாவது காட்டி அவனுவள முழிக்க வைக்கப்பிடாது, கேட்டியளா."

அவர் அதை அன்போடுதான் சொன்னார். அதுதான் இன்றுவரை எனக்குத் தாங்கவில்லை. ஷீட் பறந்தது. லாட் முடிந்ததும் ஒரு தடவை பட்டனை அமுக்குங்கள் என்று எல்லோருக்கும் சொன்னோம். எண்ணைத் திருத்தினால் மறுபடி அமுக்குங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் ஏழுமலைக்குக் காலையிலேயே மெஷின் மேல் சந்தேகம். கடினம் எவ்வளவு என்று முத்திரை குத்திய ஓர் இரும்புக் கட்டி உண்டு. மெஷின் சரியாக இருக்கிறதா என்று அதை வைத்துப் பார்ப்பது வழக்கம். அதில் எண் கூடுதலாக வந்தது. கழற்றிப் பார்த்தால் வைர முனை லேசாகச் சிதைந்திருந்தது. சிதைந்த முனை ஆழமாக இறங்காது. மெத்தென்ற இரும்பும் கடினமானது போலக் காட்டும். அவன் புது முனையை மாட்டி, பழைய முனையில் அளந்து பட்டனும் அமுக்கிப் பச்சை வாங்கியிருந்த முந்தைய லாட்டையும் மறுபடி எடுத்து அளந்தான். யாரும் சொல்லாமல் தானாகச் செய்த வேலை அது. எண் குறைவாக வந்தது. பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை அடித்தான். பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தான். 'சரி' என்று பச்சையாகவே இருந்தது.

குறைந்தாலும் எல்லைக்குள்தான் இருக்கிறது போல என்று எடுத்துக்கொண்டான். அந்த ஆர்ம் வகைகளுக்கு எல்லை எண்கள் வேறு வேறு. தலையில் வைத்துக்கொள்ள முடியாது என்றுதானே ஷீட்டே போட்டோம். லாட் லாரியில் ஏறியது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் நான் மாடியிலிருந்து அதே ஷீட்டைத் திறந்து, வேறொரு லாட்டுக்காகப் பட்டனை அமுக்கினேன். கீழே வரிகள் நிரம்பின. மேலே, லாரியில் ஏறிவிட்ட லாட்டின் வரியில், பச்சை என் கண் முன்னாலேயே சிவப்பானது.

ஷீட்டைச் சேமித்துவிட்டுப் படியிறங்கி ஓடினேன். ஏழுமலை டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தான்.

"ஏழுமலை, அந்த லாட் சிவப்புப்பா!"

"இன்னா மேடம் சொல்றீங்க? நான் மாத்தி அடிச்சிட்டுப் பாத்தேனே. பச்சையாத்தான கீது?"

"அது பழைய பச்சை. பட்டனை அமுக்கினாத்தான் மாறும்."

அவன் முகம் மாறியதை என்னால் எழுத முடியாது. "அப்போ இவ்ளோ நாளா அது என்னாண்ட பேசலயா மேடம்?" என்று கேட்டான்.

லாரி டிரைவருக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி போக வேண்டியது பெங்களூர் சாலையில், பஸ் கட்டுகிற ஒரு தொழிற்சாலைக்கு. அந்த ஆர்ம்கள் அங்கே வேறு லாட்டுகளோடு கலந்துவிட்டால் எது எந்த பஸ்ஸில் போனது என்று பிறகு பிரிக்க முடியாது. என் பெண் அப்போது கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில்தான் போய்வந்துகொண்டிருந்தாள். அது மட்டும்தான் எனக்கு நினைவில் ஓடியது.

"டிரைவர் அண்ணாத்தே நசரத்பேட்டைல டீ குடிக்காம ஹைவே ஏற மாட்டாரு மேடம். நான் வண்டிய எடுத்துகினு போறேன்" என்று ஏழுமலை கையைக்கூடக் கழுவாமல் பைக்கில் பறந்தான்.

தேவசகாயம் சார் கேட்டுக்கு வந்து நின்றார். கையில் அந்த ஸ்கேல் இருந்தது. எடுத்து வந்ததே அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். செக்யூரிட்டி நாற்காலி போட்டும் உட்காரவில்லை. என்ன நடந்தது என்று நான் சொன்னபோதும் லாரி போன சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் போன் அடித்தது.

"புட்ச்சிட்டேன் மேடம். அண்ணாத்தே டீ குட்ச்சிகினு கீறாரு. சாவி என் கைல கீது."

சார் போனை வாங்கினார். "ஏழுமலை, மெதுவா வா" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வந்த லாட்டிலிருந்து ஒன்றை எடுத்து இழுவை மெஷினில் மாட்டினோம். தாங்க வேண்டிய எடைக்கு வெகு முன்பே வளைந்துபோனது.

சரக்கு வராததால் வாடிக்கையாளருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. விசாரணை வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஜெனரல் மேனேஜரும் பணியாளர் பிரிவு அதிகாரியும். இந்தப் பக்கம் தேவசகாயம் சார், லேப்டாப்போடு நான். ஏழுமலையை நிற்க வைத்திருந்தார்கள்.

"குறைஞ்ச எண்ணை அடிச்சது நீதான? அடிச்ச பிறகும் லாட்டை ஏத்தினது நீதான?" என்று ஜெனரல் மேனேஜர் கேட்டார்.

"ஆமா சார். ஆனா அது சரின்னு சொல்லிச்சி சார். அது சொன்னா நான் கேப்பேன். இத்தினி வருஷமா அப்டித்தான சார்."

"பட்டனை ஏன் அமுக்கல?"

ஏழுமலை என் பக்கம் பார்த்தான். சஸ்பென்ஷன் உத்தரவு ஏற்கெனவே டைப் செய்து மேசையில் இருந்தது; அதன் கடைசி வரியில் பணிநீக்கம் வரை போகும் வழி திறந்திருந்தது. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். நான் வாயைத் திறப்பதற்குள் தேவசகாயம் சார் எழுந்துவிட்டார். எழுந்து, ஏழுமலை நின்ற பக்கம் போய் அவனுக்கு அருகில் நின்றுகொண்டார்.

"சார், இவன் படிச்சது சரியாத்தான் படிச்சான். அந்தப் பச்சைக்கு அர்த்தம், இந்த நிமிஷம் சரியா இருக்குன்னு. அப்படித்தான் நாம அவனுக்குப் பழக்கினோம். நான் அர்த்தத்த மாத்திட்டு, பச்சைய மட்டும் அப்படியே விட்டுட்டேன். கலர மாத்திடவான்னு கலாவதி கேட்டாங்க. வேண்டாம்னு சொன்னது நான்."

"மிஸ்டர் தேவசகாயம், இதை அப்படியே வாடிக்கையாளருக்கு எழுதணும். உங்க பேர்ல போகும். தெரியுதா?"

"எழுதுங்க சார். இவன் பேரு அதுல வரப்பிடாது."

ஏழுமலை அழுதான். அவன் வேலை தப்பியது. தேவசகாயம் சாரைத் தரக்கட்டுப்பாட்டிலிருந்து எடுத்து, வெளியூர்க் கிடங்கு ஒன்றுக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். ஆயுசு முழுக்கத் தரம் பார்த்தவருக்கு அட்டைப்பெட்டி எண்ணும் வேலை. எனக்கு வந்த கோபத்துக்கு ராஜினாமா எழுதிவிட்டேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இதுக்குப் பதிலா அந்த ஷீட்டச் சரி பண்ணுங்க" என்றார்.

சரிசெய்தேன். தீர்ப்பு மறுபடி ஃபங்ஷன் ஆனது. அதற்குள் தேடிப் படித்துக் கண்ட வழியில் எல்லை எண்ணையும் அதன் கையிலேயே கொடுத்துவிட்டதால், எண் மாறிய வரி மட்டும் கணக்கிட்டுக்கொண்டது, வேகமும் கெடவில்லை. லாட்டில் கட்டி லாரிக்கு அனுப்பும் டேக் அட்டையைப் பிரிண்ட் எடுப்பது மட்டும் சப். அதுவும் அச்சடிக்கும் முன் தீர்ப்பை இன்னொரு தரம் கேட்டுக்கொள்ளும். வழக்கம்போலப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோனேன். அந்த நாற்காலியில் அவருக்கு அதுதான் கடைசி நாள். ஸ்கேல் வரிவரியாக இறங்கியது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "வாங்க, கீழ போவோம்" என்றார்.

ஏழுமலையின் மேசையில் புது ஷீட் திறந்திருந்தது. அவன் எழுந்து நின்றான். சார் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, கடின எண் அடிக்கும் கட்டத்தில் ஒரு பூஜ்யத்தை அடித்தார். பக்கத்தில் 'நிறுத்து' என்று சிவந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் முதல்ல இதப் போட்டுப் பாரு. இது இப்பவும் உன்கிட்ட பேசுதான்னு தெரிஞ்சுக்கிட்டு வேலைய ஆரம்பி. மேல இருக்கவன் எவனும், நல்லவனே ஆனாலும், உன்கிட்ட சொல்லாம எதையாவது மாத்தியிருப்பான்."

"போட்றேன் சார்" என்றான் ஏழுமலை.

பூஜ்யத்தை அழித்துவிட்டு எழுந்து போனார். பிறகு அவர் அந்தத் தொழிற்சாலைக்கு வரவே இல்லை. கிடங்கிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நாகர்கோவில் போய்விட்டார். ஏழுமலை போடுவதைப் பார்த்து மற்ற இன்ஸ்பெக்டர்களும் போட்டார்கள். புதிதாக வந்தவர்கள் காரணம் கேட்காமலே பழகிக்கொண்டார்கள். கேட்டால் ஏழுமலை, "முட்டை போட்டுத்தான்டா வேலைய தொட்ங்கணும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வான்.

இதைத்தான் நிவேதாவிடம் சுருக்கிச் சொன்னேன்.

"இப்ப மீதிய நீ சொல்லு" என்றேன்.

"ஷீட்டையெல்லாம் எடுத்துட்டு நேத்து ராத்திரி புது சாஃப்ட்வேர் போட்டிருக்காங்க மேடம். பார்க்க நம்ம ஷீட் மாதிரியே இருக்கும். அதே பச்சை, அதே சிவப்பு. இன்னிக்குக் காலையில ஏழுமலை அண்ணன் பச்சையா இருந்த ஒரு வரியில ஜீரோ அடிச்சார். பச்சையாவே நின்னுச்சு. திரும்பத் திரும்ப அடிச்சார். மாறவே இல்ல. சாஃப்ட்வேர்காரங்ககிட்ட கேட்டா, அது அப்பப்ப மொத்தமாக் கணக்குப் போட்டு எழுதும், ஷிஃப்ட் முடிவுல மாறிடும், அது நார்மல்தான்னு சொல்றாங்க. ஜி.எம். லாட்டை அனுப்பிடலாம்னு சொல்றார். அண்ணன் கேட்ல போய் லாரிக்கு முன்னாடி நிக்கறார். ஏன்னு கேட்டதுக்கு உங்களக் கேக்கச் சொன்னார்."

"லாட்ட அனுப்ப நீ கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன். இனி போடமாட்டேன்."

சாயங்காலம் அவளே மறுபடி கூப்பிட்டாள். லாட்டை இறக்கிவிட்டார்கள். தீர்ப்பு உடனுக்குடன் மாறும்படி செய்யும்வரை பழைய ஷீட்டே இருக்கட்டும் என்று ஜெனரல் மேனேஜர் ஒப்புக்கொண்டாராம்.

அவள் வைத்ததும் நாகர்கோவிலுக்குப் போட்டேன். தேவசகாயம் சாருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஏழுமலை பூஜ்யம் போட்டதையும், பச்சையாகவே நின்றதையும், அவன் லாரிக்கு முன்னால் போய் நின்றதையும் சொன்னேன்.

"வண்டி?" என்று கேட்டார்.

"கேட்டைத் தாண்டல சார்."

மறுமுனையில் அவர் அழுவது கேட்டது. நான் போனை வைக்காமல் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.